காலண்டரில் ஐந்து சிலுவை

கடவுளின் பெயரைச் சொல்லி நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை. அனுபவிக்க ஐந்து நாள் ஆயிற்று.

நான் எதற்கும் அட்டவணை போடுகிறவள். என் அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். நின்ற இடத்திலிருந்தே ஒரு பசுவைப் பார்த்து எத்தனையாவது ஈத்து, எப்போது கன்று போடும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை. எழுதிப் பார்த்தால்தான் எதுவும் விளங்கும். துணி துவைக்கவே டைம் டேபிள் போட்டவள் என்று ஹாஸ்டலில் எனக்குப் பெயர் உண்டு. (அதில் மழை வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனிப் பத்தி இருந்தது.)

இப்படிப்பட்டவளை வண்டன்மேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். என் கணவர் சேவியருக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர். ஸ்டோர் என்றால் மளிகைக்கடை இல்லை. பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி, அடியில் விறகு எரித்து, ஒரு நாள் முழுக்க உலர்த்துகிற சூட்டு அறை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் எங்கள் ஸ்டோருக்குத்தான் காய் கொண்டு வருவார்கள். மற்றவர்கள் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். என் கணவர் லுங்கியும் துண்டுமாக அரைமணி நேரம் நின்று காயை உருட்டி உருட்டிப் பார்ப்பார். அது அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. மாதா கோயிலில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் மணப்பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாக என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "விசேஷம் உண்டாம்மா?" என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே "இல்லைங்க" என்று சொல்லப் பழகியிருந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழவும் பழகியிருந்தேன்.

கட்டப்பனையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மலையாளி. எங்களைப் போன்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் பேச்சு பாதி தமிழாகிவிட்டிருந்தது. பரிசோதனை முடிவுகளில் என்னுடையது சரியாக இருந்தது. என் கணவருடைய விந்தணு எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைவு.

"என்ன ஜோலி செய்யுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இவர் ஸ்டோரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அரைமணி நேரக் கணக்கையும் விடவில்லை.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "அதுதன்னே பிரச்சினை ஆயிருக்கலாம். அந்தச் சூடு ஆகாது. பீடியும் வேண்டா. ரெண்டு மூணு மாசம் சூட்டுப் பக்கம் போகாம இருந்தா கவுண்ட் கூடும். ஆறு மாசம் இயற்கையாத் தன்னே பார்க்கலாம். இல்லெங்கில் பெரிய ஆஸ்பத்திரி." என் பக்கம் திரும்பி, எனக்கு எந்தெந்த நாட்களில் கரு தங்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குச் சொன்னார். அந்த நாட்களில் தினமும், இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சேர்ந்திருக்க வேண்டும். "பின்னே, டென்ஷன் வேண்டா கேட்டோ."

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் இவர் என் நோட்டை வாங்கி மூடி வைத்தார். புளியன்மலை தாண்டியதும், "ரோசு, அம்மாட்ட சொல்லிராத. ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்படி நடமாட?" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து ஊர் முழுவதும் எனக்கே மருந்து கொடுத்தது. மலைவேம்புச் சாறு மட்டும் மூன்று டம்ளர் குடித்திருக்கிறேன், அவருக்காக. (அதன் கசப்பு இன்னும் என் நாக்கில் எங்கேயோ இருக்கிறது.)

பீடியை விட்டுவிட்டார். ஸ்டோரை விட முடியவில்லை. காய் எடுக்கும் பருவம் அது. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது? முதல் மாதம் அப்படியே வீணாயிற்று. இரண்டாவது மாதத்துக்கு நான் முழு ஆயத்தத்தோடு இறங்கினேன். சிறுநீரில் நனைத்தால், கரு தங்கும் நாளைக் கோடு போட்டுக் காட்டும் பட்டைகள் வாங்கி வைத்தேன். இவரோ நாளை மறந்துவிடுகிற மனிதர், போனை ஸ்டோருக்குள் கொண்டுபோக மாட்டார். அதனால் ஹாலில் தொங்கிய பங்குக் காலண்டரில், வெள்ளி முதல் செவ்வாய் வரை ஐந்து நாட்களுக்குப் பென்சிலால் குட்டிக் குட்டியாகச் சிலுவை போட்டேன். கிறிஸ்தவ வீட்டில், கோயில் காலண்டரில், சிலுவை! யாருக்குச் சந்தேகம் வரும்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அதுதான்.

என் மாமியார் ஞானம்மாளுக்குக் கண்ணாடி இல்லாமல் பைபிளில் ஓர் எழுத்துத் தெரியாது. கண்ணாடி இல்லாமலே அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டார்.

"ரோசு, இது என்னம்மா, வெள்ளிக்கிழமையில இருந்து வரிசையா அஞ்சு சிலுவ போட்டிருக்கு? திருநாளும் இல்ல ஒண்ணும் இல்ல."

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடிவிட்டது.

"அதுங்களா அத்தை... நேர்ச்சைங்க."

"என்ன நேர்ச்ச?"

"குழந்தைக்குங்க. அஞ்சு நாள் உபவாசமுங்க."

அவர் கையிலிருந்த கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டார். முதுகில் குழம்பு வடிந்தது. "நாலு வருசமா நீ வாயே தொறக்கலியே தாயி. கேட்டா உன் மனசு நோகுமேன்னு நானும் கேக்காமக் கிடந்தேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழுகிற மாமியாரின் தோளில் கிடந்துகொண்டு, நாளைக்குள் மறந்துவிடுவார் என்று மனக்கணக்குப் போட்டேன்.

அன்று சாயந்தரமே உபதேசியார் வந்துவிட்டார். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி ஜெபம் சொல்லிக் கொடுப்பவர், ஆறு பிள்ளைகளின் தகப்பன், பெயர் தங்கையா. நேர்ச்சைக்குள்ள ஒழுங்குகளை விரல் விட்டுச் சொன்னார். பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். சாயந்தரம் ஜெபம் முடிந்து கஞ்சி. கறி, மீன், முட்டை கூடாது. தினமும் ஆறு மணிக்கு எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள், அதாவது பக்கத்துப் பத்து வீட்டு ஆட்கள், எங்கள் ஹாலில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். கடைசி விரல் மிச்சம் இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நேர்ச்ச முடியுத வரைக்கும் புருசனும் பொஞ்சாதியும் ஒதுங்கி இருக்கணும். அதான் முக்கியம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை என் மாமியார் தலையணையோடு எங்கள் அறைக்கு வந்தார். "நீ ஒத்தையில நேர்ச்ச கிடக்கக் கூடாதும்மா, நான் கூடப் படுக்கேன். ஏல சேவியரு, நீ ஸ்டோருல படுத்துக்கோ. உனக்கும் கதகதன்னு இருக்கும்."

கதகதவென்று! டாக்டரம்மா எந்த இடத்துக்குப் போகவே கூடாது என்றாரோ, அந்த இடத்துக்கு என் கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். மாமியாரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் இருட்டில் ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்தேன்.

சனிக்கிழமை துணி துவைக்கும் கல்லடியில் ரகசியமாகப் பேசினோம். மதியம் அம்மா கடைக்குப் போவாள், ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றார் இவர். மதியம் அத்தை சாமான் பட்டியலை மடித்து இவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். நேர்ச்சை வீட்டை விட்டு அவர் வெளியே போக மாட்டாராம். மூன்று மணிக்கு எனக்குப் பசி தாங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாக்கெட் மரவள்ளிக் கப்பை வறுவல் தின்றேன். அழுவதற்கு வைத்திருந்த குழாய்! வெளியே வந்ததும் அத்தை என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாத தாயி" என்றார். கன்னத்தில் இருந்தது உப்புத்தூள்.

ஞாயிற்றுக்கிழமை இவர் ஒரு திட்டம் போட்டார். பொய்யில் என்னையே விடக் கத்துக்குட்டி அவர்.

"அம்மா, ஸ்டோருக்குப் புது தெர்மாமீட்டர் வாங்கணும். கட்டப்பனை வரைக்கும் போயிட்டு வாரோம். ரோசு வந்தாத்தான் நல்லதாப் பாத்து எடுப்பா."

"தெர்மாமீட்டர் பாக்க ரோசு என்னத்துக்குல? பட்டினி கிடக்கவளை ஜீப்புல போட்டுக் குலுக்கணுமா? உபதேசியாரக் கூட்டிட்டுப் போ. அவரு படிச்சவரு."

என் கணவரும் உபதேசியாரும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடையைத் தேடிக் கட்டப்பனை முழுக்கச் சுற்றி, இரண்டு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இன்றுவரை எங்கள் ஸ்டோரில் தெர்மாமீட்டருக்குப் பஞ்சம் வந்ததில்லை.

திங்கள் காலை பட்டையில் இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தது. கரு தங்க இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்தான் என்று அர்த்தம். டீ கொடுக்கிற சாக்கில் ஸ்டோருக்கு ஓடினேன். இவர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மூன்று நாள் சூட்டில் முகம் செம்பாக இருந்தது. டம்ளரை வாங்காமல் என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, இன்னிக்கு உட்டா இந்த மாசமும் போச்சுங்க."

"தெரியும் ரோசு. கதவச் சாத்து."

நான் கதவைச் சாத்தினேன். வெளியிலிருந்து அது திறந்தது. அன்பியத்துப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். "ஐயோ அக்கா, நேர்ச்ச உடம்போட இங்க என்ன செய்யுதிய? விறகெல்லாம் தொடாதிய, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று என்னைத் தோளோடு அணைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டோர் வாசலிலேயே காய் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். அன்பு இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இவர் உள்ளே வெந்துகொண்டிருந்தார். எண்ணிக்கை மணிக்கு மணி குறைவது போலவே எனக்குத் தோன்றியது. முற்றத்தில் நின்று யாரையாவது கடித்து வைக்கலாம் போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைசிச் சிலுவை. சாயந்தரம் ஆறு மணிக்கு ஹாலில் இருபது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். பாய் போதாமல் ஏலக்காய்ச் சாக்கை விரித்திருந்தோம். அடுக்களையில் கஞ்சி கொதித்தது. ஐந்து நாள் பட்டினியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் எட்டு மணிக்குப் போவார்கள், அத்தை என் பக்கத்தில் படுப்பார், அதோடு முடிந்தது. இன்னும் ஒரு மாதம், இன்னும் மூன்று டம்ளர் மலைவேம்பு.

உபதேசியார் ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு முன்னால் நிறுத்தினார். "நேர்ச்ச இருந்த நம்ம ரோஸ்லின் தங்கச்சி இப்போ ஒரு சாட்சி சொல்லும். இந்த அஞ்சு நாளும் மனசுல என்ன உணர்ந்துதுன்னு சொல்லும்மா."

எழுந்து நின்றேன். நான்கு வார்த்தை பக்தியாகச் சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அத்தை கண்ணில் நீரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஐந்து நாளாக என்னோடு சேர்ந்து பட்டினி கிடந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கஞ்சியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

"அத்தை, நானு பொய் சொல்லீட்டேனுங்க."

அத்தை ஜெபமாலையை மடியில் வைத்தார்.

"அது நேர்ச்சை இல்லைங்க. டாக்டரம்மா குறிச்சுக் குடுத்த நாளுங்க அது. புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கோணும்னு சொன்ன நாளு. இன்னியோட முடியுதுங்க. நீங்க எல்லாரும் அஞ்சு நாளா எங்களுக்குக் குழந்தை கெடைக்கோணும்னு இங்கயே உக்காந்திருக்கறீங்க!"

கடைசி வரியைக் கொஞ்சம் கத்திச் சொல்லிவிட்டேன். அடுக்களையில் கஞ்சி மூடி தடதடவென்று ஆடியது. பூமி பிளந்தால் நல்லது என்று காத்திருந்தேன். அது ஏலத்தோட்டத்துப் பூமி, மழைக்குச் சரியும், வெட்கத்துக்குப் பிளக்காது.

அப்போது வாசற்படியில் நின்றிருந்த இவர் பேசினார்.

"ரோசு மேல ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான். ஸ்டோர் சூடு எனக்கு ஆகாதுன்னு டாக்டர் ரெண்டு மாசத்துக்கு முன்னயே சொல்லிட்டாவ. நாந்தான் வெக்கப்பட்டுட்டு யார்ட்டயும் சொல்லல. ஊருல எல்லாரும் அவளுக்கு மருந்து குடுத்திய. அவ எனக்காகக் குடிச்சா."

நான்கு வருடத்தில் அவரை அவ்வளவு பிடித்த நேரம் வேறு இல்லை. அழுதுவிட்டேன். குழாய் இல்லாமல், இருபது பேர் முன்னால், சத்தமாக.

என் மாமியார் மெல்ல எழுந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல, அப்போ நாந்தான் உன்ன அஞ்சு நாளா உள்ள போட்டு வேக வச்சேனா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றப் பார்த்தார்கள். அத்தை அதைக் கவனிக்கவில்லை. நேரே மகனிடம் போய்க் கையை நீட்டினார். "ஸ்டோர் சாவிய எடு. இனிமே அந்த வாசப்படிய நீ மிதிச்சேன்னா காலை ஒடிச்சிருவேன்."

உபதேசியாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆறு பிள்ளை பெற்றவர் அல்லவா? "இறுதி ஜெபம் இன்னைக்குச் சுருக்கமா வச்சுக்கிடுவோம்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே சுருக்கமான ஜெபம் அது, மொத்தம் ஒரு ஆமென். "எல்லாரும் எந்திரிங்க. ஸ்டோருல காய் பொறுக்க ஆளு வேணுமாம்."

மணி ஏழுகூட ஆகவில்லை. இருபது பேரும் வரிசையாக வெளியே போனார்கள். பெண்கள் ஒவ்வொருவரும் போகிறபோது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆண்கள் தங்கள் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியாக அத்தை கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ரோசு, நான் கொண்டி போடல. நீ உள்ள போட்டுக்கோ."

கொஞ்ச நேரத்தில் ஸ்டோரிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. தாங்கள் தூரத்தில்தான் இருக்கிறோம் என்று எங்களுக்குத் தைரியம் சொல்வதற்காக உச்சக்குரலில் பாடினார்கள்.

பிறகு என்ன நடந்தது என்று ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. உண்மை இதுதான். நாங்கள் இருவரும் சாக்கில் உட்கார்ந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிக்க ஆரம்பித்தோம். வயிறு வலித்து, கண்ணில் நீர் வழிந்து, இருபது பேருக்கு வைத்த கஞ்சியில் பாதியை ஊறுகாயோடு குடித்துவிட்டு, ஏழரை மணிக்கெல்லாம் அந்தச் சாக்கிலேயே தூங்கிவிட்டோம். ஐந்து பகல் பட்டினி கிடந்தவளும் நான்கு இரவு சூட்டில் கிடந்தவரும் வேறு எதைச் செய்ய முடியும்? காலையில் அத்தை மகனுக்கு இரண்டு அவித்த முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. இவர் முட்டையைத் தின்றார்.

அந்த மாதமும் நாள் தள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. "அடுத்த மாசம் பாப்போம்மா" என்று தோட்டத்து வேலையைப் பற்றிப் பேசுவதுபோல இயல்பாகச் சொன்னார்கள். மலைவேம்பு நின்றது. நான்கு மாதம் ஸ்டோரை முழுக்க அத்தையே பார்த்துக்கொண்டார். அவர் உலர்த்திய காய் மகன் உலர்த்தியதைவிடப் பச்சை நிறம் குறையாமல் வந்தது. (இதை என் கணவர் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.) எனக்கு நோட்டைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. பட்டைகளை அலமாரியின் அடியில் தள்ளினேன், காலண்டரில் எழுதுவதை விட்டேன்.

ஒன்றே ஒன்றைத் தவிர. ஒரு புதன்கிழமை கேஸ் சிலிண்டர் வரும் என்று செய்தி வந்தது. மறந்துவிடுவேன் என்று காலண்டரில் ஒரு சிலுவை போட்டு வைத்தேன், கை பழக்கத்தில். புதன் காலையில் எழுந்து பார்த்தால் அத்தை பையோடு வாசலில் நிற்கிறார். போடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டுமாம். நான்கு நாள் ஆகுமாம். அன்பியத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பால்காரர்கூடச் செம்பை வேலியில் மாட்டிவிட்டுப் போனார். நான்கு நாளும் மழை. தோட்டத்தில் வேலை இல்லை, ஸ்டோரில் காய் இல்லை, சிலிண்டரும் வரவில்லை.

திரும்பி வந்த அத்தை காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கேஸுக்கா போட்ட? நாலு நாளு என் தங்கச்சி வீட்டுல கொசுக்கடி பட்டது கேஸுக்கா?"

அடுத்த மாதம் நாள் தள்ளியது. சூட்டை விட்டதன் பலன் என்றார் டாக்டரம்மா. ஜெபத்தின் பலன் என்றார் உபதேசியார், கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததாம். முட்டைதான் காரணம் என்பது அத்தையின் கட்சி. எனக்கு எது என்று தெரியாது. சாவியைப் பிடுங்கிய கைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு ஞானஸ்நானத்தில் அமலா என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் சிலிண்டர்தான். இப்போது நான்கு வயது. கேஸ் வண்டியின் சத்தம் வளைவில் கேட்டதும், விளையாடுவதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, ஊருக்கே கேட்கும்படி தன் பாட்டியைக் கூப்பிட்டுக் கத்துகிறாள்.

"அப்பாயி, என் வண்டி வந்திருச்சு!"